சைகோன்: மாடியில யுத்தம், கீழே நூடுல்ஸ்

சைகோன்ல லீ சின் தாங் அப்படின்னு ஒரு தெரு. அதுல 7ஆம் நம்பர் கடை பேரு 'ஃபொ பின்'. ஃபொ-ன்னா அவங்க ஊர் அரிசி நூடுல்ஸ் சூப்பு, பின்-ன்னா அமைதி. அமைதி நூடுல்ஸ் கடை! 1968ல வியட்நாம் போரையே திருப்பிப் போட்ட டெட் தாக்குதலுக்கு, சைகோன் பகுதிக்கான ரகசியத் தலைமையகம் இந்தக் கடையோட மாடியிலதான் இருந்துச்சு.

கடைக்காரர் நோ தோய். வடக்குலேர்ந்து வந்தவர், கம்யூனிஸ்டுகளோட ஆளு. கீழே அமெரிக்க சிப்பாய்களும் வந்து உக்காந்து சூப்பு உறிஞ்சிட்டுப் போவாங்க. மேல ஒரு சின்ன ரூம்ல கெரில்லாக்கள் நகரத்தோட வரைபடத்தை விரிச்சு வெச்சுப் பேசிட்டு இருப்பாங்க. சந்தேகம் வராத இடம் வேணும்னா, நாள் பூரா ஆளுங்க வந்து போற சாப்பாட்டுக் கடையை விட வேற எது? ஒருத்தர் ரெண்டு மணி நேரம் உள்ளேயே இருந்தாலும் 'பசி போல'ன்னு விட்டுடுவாங்க :-)

டெட் அவங்களோட சந்திரப் புத்தாண்டு. நம்ம பொங்கல், தீபாவளி எல்லாம் சேர்ந்த மாதிரி. போர் நிறுத்தம்னு அறிவிச்சு, தெற்கு வியட்நாம் சிப்பாய்ங்க பாதிப்பேரு லீவுல ஊருக்குப் போயாச்சு. 1968 ஜனவரி 31 விடியக்காலம் ஊரெல்லாம் வெடிச் சத்தம். பட்டாசா துப்பாக்கியான்னு பலருக்கு முதல்ல புரியவே இல்லை. அமெரிக்கத் தூதரகத்துக்குள்ளயே 19 பேர் சுவரை உடைச்சிட்டுப் போயிட்டாங்க. ராணுவக் கணக்குல பார்த்தா தாக்கினவங்களுக்குத்தான் பெரும் இழப்பு. ஆனா தூதரக வாசல்ல சண்டை நடக்கறதை அமெரிக்காக்காரன் வீட்டு டிவியில பார்த்தான். மார்ச் 31ல ஜனாதிபதி ஜான்சன், 'அடுத்த தேர்தல்ல நான் நிக்கலை'ன்னு சொல்லிட்டார். நோ தோய் பிடிபட்டு ஜெயிலுக்குப் போனார். நான் போனப்ப மாடி ரூமை அப்படியே வெச்சிருந்தாங்க, சுவரெல்லாம் பழைய போட்டோ. கீழே வழக்கம்போல வியாபாரம். சூப்பு எப்படின்னு கேக்கறீங்களா? சுமார்தான். சரித்திரத்துக்கும் ருசிக்கும் சம்பந்தம் இருக்கணும்னு சட்டமா என்ன?

இந்த ஃபொ சமாச்சாரமே தெற்கத்திச் சாப்பாடு இல்லைங்க. அது வடக்கு. 1954ல ஜெனீவா ஒப்பந்தம் நாட்டை 17ஆவது அட்சரேகையில ரெண்டா வெட்டினப்ப, எட்டு லட்சத்துக்கும் மேல ஜனங்க தெக்கே வந்தாங்க. அதுல பெரும்பான்மை கத்தோலிக்கர்கள். அதுக்கு முன்னாடியும் சைகோன்ல ஃபொ கொஞ்சம் கிடைச்சது. தெருவுக்குத் தெரு பரவினது இவங்க வந்த பிறகு. மாட்டெலும்பு, பட்டை, அன்னாசிப்பூ போட்டு மணிக்கணக்கா கொதிக்க வெச்ச தெளிவான சாறு. வடக்கே அதைத் தொடாம அப்படியே குடிப்பாங்க. தெற்கத்திக்காரன் ஒரு தட்டு நிறைய முளைப்பயறு, துளசி மாதிரி ஒரு இலை, எலுமிச்சை, இனிப்பு சாஸ் எல்லாம் கொண்டாந்து வெச்சிட்டான். ஹனோய்க்காரங்க இன்னமும் இதைப் பார்த்து முகம் சுளிக்கிறாங்களாம். நான் தெற்குக் கட்சி.

ரொட்டிக்கும் இதே கதைதான். கோதுமை அங்கே விளையறதே இல்லை. 1859ல சைகோனைப் பிடிச்ச பிரெஞ்சுக்காரன் கூடவே வந்தது அந்த நீளமான ரொட்டி. அதுக்கு முதல்ல 'மேற்கத்திப் பண்டம்'னு பேரு, அப்புறம்தான் 'கோதுமைப் பண்டம்', அதாவது பான் மீ. வெண்ணெயோட பீங்கான் தட்டுல சாப்பிட்டதை, ரொட்டிக்குள்ளயே எல்லாத்தையும் அடைச்சுக் கையில கொடுக்கற வழக்கத்துக்கு, ஹனோய்லேர்ந்து வந்து 1958ல 'ஹோவா மா' கடை ஆரம்பிச்ச ஒரு தம்பதியைச் சொல்லுவாங்க. காவ் தாங் தெரு சந்துல குட்டி பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு, சின்ன வாணலியிலயே முட்டையைச் சுடச்சுட வைக்கிறாங்க. ஒன்பது மணிக்குள்ள போயிடுங்க. 2011ல ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலயே பான் மீ ஏறிடுச்சு. விரட்டினவன் போயிட்டான், அவன் ரொட்டி அவனை விட்டுட்டு இவங்க கட்சியில சேர்ந்துடுச்சு.

பாக்க வேண்டிய கட்டடங்கள் எல்லாம் பக்கம் பக்கமா இருக்கு, நடந்தே முடிச்சிடலாம். 1880ல முடிஞ்ச செங்கல் கதீட்ரல், எதிர்ல 1891ல முடிஞ்ச தபால் ஆபீஸ். கைடுங்க 'ஈஃபில் கட்டினது'ன்னு அடிச்சு விடுவாங்க, நம்பாதீங்க. கட்டினவர் ஆல்ஃப்ரெட் ஃபூலூ. கொஞ்ச தூரத்துல 1975 ஏப்ரல் 30ல டாங்கி கதவை இடிச்சுட்டு நுழைஞ்ச அரண்மனை.

என்னை நிறுத்தி வெச்சது இதெல்லாம் இல்லை. பென் தான் மார்க்கெட்டுக்குப் பக்கத்துல, துரோங் தின் தெரு 45ஆம் நம்பர். மாரியம்மன் கோயில்! சாமி கும்பிடற கூட்டத்துல ஒரு தமிழ் முகம் இல்லை. எல்லாம் வியட்நாமியப் பெண்கள். கட்டுக்கட்டா ஊதுபத்தி, கருவறைக்குப் பின்னாடி கல் சுவர்ல கையையும் நெத்தியையும் வெச்சு அழுத்தி வேண்டிக்கிறாங்க. அவங்களுக்கு இது 'இந்திய அம்மா கோயில்'.

நம்ம ஆளுங்க அங்கே போனது ரெண்டு வழியில. ஒண்ணு, புதுச்சேரி, காரைக்கால்காரங்க. 1881 சட்டப்படி சொந்த மத, சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்தவங்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைச்சது. அவங்க சைகோன்ல போலீஸ், சுங்கம், வரி வசூல்னு உத்தியோகத்துல உக்காந்தாங்க. ரெண்டாவது நகரத்தார். மீகாங் டெல்டாவோட நெல் வயலுக்குக் கடன் கொடுத்தாங்க. தோன் தாட் தியெப் தெருவுல அவங்க கட்டின தண்டாயுதபாணி கோயில் இருக்கு.

'சைகோன்லயும் நம்ம கோயில்'னு பெருமையா எழுதிட்டு நகர்ந்துடறது சுலபம். நானும் தமிழன்தான், அந்தச் சிலிர்ப்பு எனக்கும் வந்துச்சு. ஆனா 1930 மந்தத்துல நெல் விலை படுத்தப்ப கடன் கட்ட முடியாதவங்க நிலம் கைமாறினதும், செட்டின்னாலே அங்கே வட்டிக்காரன்னு ஆனதும் இதே கதையோட மறுபக்கம். சந்தையில வரி வாங்க நின்ன புதுச்சேரித் தமிழனையும் காய்கறிக்காரம்மா சொந்தக்காரனா பார்த்திருக்க மாட்டா. நம்மளும் அந்தக் காலனிக் கணக்குப் புஸ்தகத்துல ஒரு பக்கம்தான். 1975க்கு அப்புறம் பெரும்பாலானவங்க கிளம்பிட்டாங்க.

கணக்குப் போச்சு, கறி நின்னுடுச்சு. 'கா ரி' அப்படின்னே கேட்டு வாங்கலாம். கோழி, தேங்காய்ப்பால், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, எலுமிச்சைப்புல் போட்டு, மஞ்சளா, காரமே இல்லாம. தொட்டுக்கப் பான் மீ. நம்ம ஊர் வார்த்தை, பிரெஞ்சுக்காரன் ரொட்டி. எதிர்ப்பக்கமும் பாக்கணும்னா புதுச்சேரிக்குப் போங்க. சைகோன்லேர்ந்து திரும்பின குடும்பங்கள்ல இன்னமும் 'நெம்' சுருட்டிப் பொரிக்கிறாங்க.