தஞ்சை வயல்களில் மார்க்ஸும் வேபரும்

சமூகம் எதனால் சிதறாமல் நிற்கிறது, ஏற்றத்தாழ்வு எங்கே வேர்கொள்கிறது: சமூகவியல் கோட்பாடு விடாமல் துரத்தும் கேள்விகள் இவை. முதலாவதை துர்க்கேம் தம் வாழ்நாள் பணியாக்கிக்கொண்டார். இரண்டாவதற்கு நிலம், மூலதனம் ஆகியவற்றின் உடைமையில் விடை கண்டார் மார்க்ஸ். வேபருக்கு அது போதவில்லை. பொருள்நிலை, சமூக மதிப்பு, அதிகாரம் என மூன்று இழைகளைக் காட்டி, ஒன்றை இன்னொன்றுக்குள் அடக்கிவிட முடியாது என்றார்.

ஐரோப்பாவில் தொடங்கிய இந்த வழக்கு காவிரிப் படுகையிலும் விசாரிக்கப்பட்டது. 1951–53இல் மானிடவியலாளர் கேத்லீன் கஃப் தஞ்சை மாவட்டத்துக் கிராமங்களில் தங்கி ஆய்ந்தார். பத்தாண்டுகளுக்குள் சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் அதே மாவட்டத்துக்கு வந்தார். தாம் ஆய்ந்த ஊருக்கு ஸ்ரீபுரம் எனப் புனைபெயரிட்டு 1965இல் நூல் வெளியிட்டார்.

பெத்தேய் கையில் இருந்தது வேபரின் அளவுகோல். முன்பு அக்கிரகாரத்திடமே நிலமும் மதிப்பும் அதிகாரமும் சேர்ந்திருந்தன. வயதுவந்தோர் வாக்குரிமை, பஞ்சாயத்து, திராவிட இயக்கம், நகர வேலை தேடிப்போன பிராமணர்கள் விற்ற நிலம் எல்லாமாகச் சேர்ந்து அந்தப் பிணைப்பைத் தளர்த்தின. சடங்கில் உயர்ந்தவர் பஞ்சாயத்தில் தாழ்ந்தார். மார்க்ஸை மட்டும் கொண்டு போயிருந்தால் இந்த நுட்பம் எளிதில் பிடிபட்டிருக்காது என்றே நினைக்கிறேன்.

ஆனால் அவர் தங்கியது அக்கிரகாரத்தில். அதனால் சேரிக்குள் தாராளமாகப் பழக முடியவில்லை என்பதை அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். இது ஆய்வுமுறைக் குறிப்பாக மட்டும் நின்றுவிடக் கூடாது. மேலே பிரிந்துபோன மூன்று இழைகளும் கீழே பிரியவில்லை. சேரியில் பிறந்த உழவுத் தொழிலாளிக்கு நிலமின்மை, தீண்டாமை, அதிகாரமின்மை மூன்றும் ஒரே முடிச்சாகவே இருந்தன. வேபரின் பகுப்பு கூர்மையானதுதான். அந்த முடிச்சு ஏன் அவிழவில்லை என்ற கேள்விக்கு அது தனியே விடை தருவதில்லை.

1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டபோது இந்தக் கேள்வி நூலகத்தை விட்டு வெளியே வந்தது. கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்களுக்கும் நிலவுடைமையாளர்களுக்கும் இடையே மூண்ட மோதல் அது. எனவே வர்க்கப் போர் என்றனர் சிலர். மாண்டவர்கள் தலித்துகள், எனவே சாதிக் கொடுமை என்றனர் சிலர். கூலி கேட்டவர் தலித்தாக இருந்ததாலேயே அந்தக் கோரிக்கை பொறுக்க முடியாத குற்றமாகப் பார்க்கப்பட்டது என்றால், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே பிழை.

கஃப் 1976இல் தஞ்சைக்குத் திரும்பினார். பண்ணையாள் முறை தேய்ந்து அன்றாடக் கூலி பெருகியிருந்தது. உற்பத்தி உறவுகளை மையமாக்கி அவர் எழுதிய பெருநூல் 1981இல் வெளிவந்தது. அதையும் பெத்தேயின் நூலையும் நம் பல்கலைக்கழகங்கள் தனித்தனியே கற்பிக்காமல் ஒரே மேசையில் வைத்து மாணவர்களை வாசிக்கச் செய்ய வேண்டும். கீழவெண்மணிப் படுகொலை வழக்கின் தீர்ப்புகளையும் உடன் வைத்து.