என் பழைய பெட்டியும் ஐ.பி.எம். செஞ்ச காரியமும்

போன மாசம் மஞ்சக் காட்டுக்குத் தண்ணி கட்டிட்டு வந்து கம்ப்யூட்டரைப் போட்டா, உள்ளே இருந்து பல்லி கத்துற மாதிரி 'டிக், டிக்'னு சத்தம். ஹார்ட் டிஸ்க் சாகப் போகுதுன்னு அர்த்தம். லீவுக்கு வந்திருந்த தம்பி பையன் பாத்துட்டு, "பெரியப்பா, இது 2012-ல வாங்கின பெட்டி. விண்டோஸ் 10-க்கே 2025 அக்டோபரோட ஆதரவை நிறுத்திட்டாங்க, 11 இதுல ஏறாது. தூக்கிப் போட்டுட்டு லேப்டாப் வாங்குங்க"ன்னான்.

தூக்கிப் போடலாம். ஆனா அதுக்குள்ள எங்க காட்டு மழைக் கணக்கு 13 வருசத்துக்கு இருக்கு. தினமும் காலையில மழைமானியைப் பாத்து ஏத்தினது. முதல்ல அதைப் பென் டிரைவ்ல எடுத்து வச்சேன். அப்புறம்தான் மூச்சு வந்துச்சு. அப்புறம் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

ஒரு பெட்டியைத் திறந்து, வேண்டாததை மட்டும் கழட்டி, வேற கம்பெனிப் பொருளை மாட்ட முடியுதே, இது எப்படி வந்ததுன்னு நகரத்து நண்பர்கள் யோசிச்சிருக்கீங்களா? எங்களுக்கு டிராக்டரை வச்சுச் சொன்னா புரியும். டிராக்டர் ஒரு கம்பெனி, கலப்பை வேற கம்பெனி, ரோட்டவேட்டர் இன்னொண்ணு. பின்னால இருக்கிற மூணு பாயின்ட்ல மாட்டினா எல்லாம் ஓடும். ஹாரி பெர்குசன்ங்கிற அயர்லாந்துக்காரர் உருவாக்கினது அது. முதல்ல அவரோட காப்புரிமையா இருந்து, பின்னால உலகத்துக்கே பொதுவாயிடுச்சு.

கம்ப்யூட்டர்ல அந்த மூணு பாயின்ட் 1981 ஆகஸ்ட் 12-ல வந்தது. அன்னிக்குத்தான் ஐ.பி.எம். தன்னோட பி.சி.யை அறிவிச்சது. விலை 1,565 டாலர்ல தொடங்குச்சு. அதுல நினைவகம் வெறும் 16 கிலோபைட்! புளோரிடாவில போகா ராட்டன்ங்கிற ஊர்ல, டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையில ஒரு சின்னக் குழு ஏறக்குறைய ஒரு வருசத்துல செஞ்சு முடிச்சாங்க. எல்லாத்தையும் தானே செய்யற கம்பெனி ஐ.பி.எம். ஆனா அவசரம், அதனால கடையில கிடைக்கிற பொருளையே வாங்கிப் போட்டாங்க. பிராசஸர் இன்டெல் 8088. அதை எடுத்ததுக்கு ஒரு காரணம், அதோட சேர்ற 8-பிட் துணைச் சில்லுகள் மலிவா கிடைச்சது. மென்பொருள் மைக்ரோசாப்ட்கிட்ட. உள்ளே அஞ்சு ஸ்லாட் வச்சாங்க. யார் வேணாலும் அதுக்குக் கார்டு செஞ்சு விக்கட்டும்னு சர்க்யூட் படத்தையும் புத்தகமா போட்டு வித்தாங்க.

பூட்டி வச்சது ஒண்ணே ஒண்ணு: பயாஸ். கம்ப்யூட்டரைப் போட்டதும் முதல்ல எழுந்து மத்ததை எழுப்பி விடுற நிரல். அதையும் புத்தகத்துல அச்சடிச்சிருந்தாங்க, ஆனா காப்பியடிச்சா கேசு. 1982-ல தொடங்கின காம்பேக் கம்பெனி இதுக்கு ஒரு வழி பண்ணுச்சு. ஒரு கூட்டம் ஐ.பி.எம். பயாஸ் என்னென்ன வேலை செய்யுதுன்னு பாத்து எழுதிக் கொடுத்தது. அந்த நிரலைக் கண்ணாலயே பாக்காத இன்னொரு கூட்டம், அதை வச்சுப் புதுசா எழுதுச்சு. கோர்ட்டுல நிக்கும். 1984-ல பீனிக்ஸ்ங்கிற கம்பெனி இதே மாதிரி பயாஸ் எழுதி யார் கேட்டாலும் விக்க ஆரம்பிச்சது. அத்தோட கதவு முழுசாத் திறந்துடுச்சு. நம்ம ரிச்சி ஸ்ட்ரீட்ல 'அசெம்பிள்டு' பெட்டி வாங்கினவங்க எல்லாம் இந்தக் கதவு வழியா வந்தவங்கதான்.

ஐ.பி.எம். சும்மா இருக்குமா? 1987-ல பி.எஸ்./2-ன்னு ஒண்ணு கொண்டுவந்து, புது ஸ்லாட்டுக்கு உரிமைத்தொகை கேட்டுது. வருசா வருசம் எங்ககிட்டதான் விதை வாங்கணும்ங்கிற மாதிரி. அடுத்த வருசமே காம்பேக்கோட சேர்த்து ஒன்பது கம்பெனிங்க போட்டியா வேற ஸ்லாட்டை அறிவிச்சுட்டாங்க. பி.எஸ்./2 தோத்துப் போச்சு. 2005-ல ஐ.பி.எம். பி.சி. தொழிலையே லெனோவாவுக்கு வித்துட்டுது. வேடிக்கை என்னன்னா, என் பெட்டிக்குப் பின்னால கீபோர்டுக்குன்னு வட்டமா ஒரு ஓட்டை இருக்குது பாருங்க, அது அந்தத் தோத்த மிஷினோட மிச்சம்.

போர்டைத் தாங்குற திருகு ஓட்டைங்க 1995-ல இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். அளவு. இன்னிக்குக் கடையில வாங்குற புது போர்டும் என் கேபினெட்ல உக்காரும். அதனால கேபினெட்டை மாத்தலை. போர்டுல கண்டன்சர் எதுவும் உப்பியிருக்கான்னு பாத்தேன். 2000-ங்களோட தொடக்கத்துல மட்டமான கரைசல் ஊத்தின கண்டன்சருங்க உப்பி வெடிச்சு லட்சக்கணக்கான போர்டு செத்துது. மோட்டார் பெட்டியில உப்பின கண்டன்சரைப் பாத்துப் பழகின கண்ணு, எனக்குச் சுலபம். எல்லாம் தட்டையா இருந்துச்சு. போர்டும் தப்பிச்சுது.

எஸ்.எம்.பி.எஸ். தப்பலை. ஸ்டிக்கர்ல 450 வாட். ஆனா பக்கத்துல சின்ன எழுத்துல 12 வோல்ட்டுக்கு 14 ஆம்ப்ஸ். பெருக்கினா 168 வாட்தான் வருது. 2000-ல பென்டியம் 4 வந்ததிலிருந்து பிராசஸர் உறிஞ்சுறதெல்லாம் இந்த 12 வோல்ட்லதான், அதனால நீங்க கடையில பாக்க வேண்டியதும் இந்த எண்ணைத்தான். பெரிய எழுத்துல போட்டிருக்கிறதை விட்டுடுங்க. பக்கத்துத் தோட்டத்து மோட்டார் போடும்போதெல்லாம் எங்களுக்கு வோல்டேஜ் இறங்கும். இங்க கஞ்சத்தனம் ஆகாது. நல்லதா, கனமா ஒண்ணு வாங்கினேன்.

ஹார்ட் டிஸ்க் கதை தனி. 2011 கடைசியில தாய்லாந்துல, சாவ் பிரயா ஆத்துச் சமவெளியில பெருவெள்ளம். நெல் விளையற பூமி. அங்கேதான் ஹார்ட் டிஸ்க் ஆலைங்களும், அதுக்கு மோட்டார் செய்யற ஆலைங்களும். வெஸ்டர்ன் டிஜிட்டல் ஆலைக்குள்ள தண்ணி நின்னுது. உலகம் முழுக்க விலை ஏறிப் போச்சு. 2012-ல நான் பெட்டி வாங்கப் போனப்ப 1 டெராபைட் கேட்டு, விலையைக் கேட்டுட்டு 320 ஜிபியோட திரும்பினேன். எவனோ ஒருத்தன் வயல்ல வெள்ளம் வந்தா என் பையில காசு குறையுதேன்னு அன்னிக்குப் புரியலை, பின்னாலதான் படிச்சேன்.

இப்ப அந்த இடத்துல எஸ்.எஸ்.டி. பழைய போர்டுல அதோட முழு வேகம் வராது, ஆனா சாட்டா வயர் அதேதான், மாட்டினா ஓடுது. ராம் மட்டும் கவனம். என் போர்டு டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4-ல வெட்டு வேற இடத்துல இருக்கும், அழுத்தினா உடையும். பழசு ஒரு 4 ஜிபி தேடி வாங்கினேன். விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட். மொத்தம் ஏழாயிரத்துக்குள்ள முடிஞ்சுது. விளையாட்டு, வீடியோ எடிட்டிங்னு கேக்கிறவங்களுக்கு இந்தக் கணக்கு ஆகாது. அவங்க போர்டு, பிராசஸர், ராம் மூணையும் சேர்த்துத்தான் மாத்தணும்.

தம்பி பையன் ஊருக்குப் போறதுக்கு முன்னால அவனே லிப்ரே ஆபீஸ்ல மழைக் கணக்கைத் திறந்து பாத்தான். 2012 ஜூன்லேர்ந்து ஒரு வரி குறையலை. மொதநாள் ராத்திரி பேஞ்ச 14 மில்லிமீட்டரை அவன் கையாலேயே ஏத்திட்டுப் பஸ் ஏறினான்.