சொல்லிழந்தோர் நோவு



என் அன்னையாருக்கு எண்பத்திரண்டாம் வயதில் டிமென்ஷியா என்னும் மறதிநோய் கண்டது. குளிப்பாட்ட அழைத்தால் கூச்சலிடுவார். கையைப் பற்றினால் அடிப்பார். நோயின் குணம் என்று எண்ணிப் பொறுத்துக்கொண்டோம். வலிக்கிறதா என்று கேட்டால் விழித்துப் பார்ப்பாரேயன்றி விடை கூறார். ஒருநாள் வீட்டுக்கு வந்த மருத்துவர் அவருடைய முழங்காலை மெல்ல மடக்கினார். அன்னையின் முகம் சுருங்கிற்று. மருத்துவர் குறித்த அளவில் பாரசிட்டமால் கொடுத்துவரச் சில நாட்களில் கூச்சல் தணிந்தது. பள்ளியில் பிள்ளைகளின் முகம் பார்த்தே வயிற்றுவலியை அறிந்த நான், பெற்றவள் முகத்தைப் படிக்கத் தவறினேன். இத்தவறு எனக்கு மட்டும் உரியதன்று என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தேன்.

வாய்விட்டுச் சொல்லாதவரின் வலியை மருத்துவ உலகமும் நெடுநாள் உணரவில்லை. 1980களில்கூடப் பச்சிளங் குழவிகளுக்குப் போதிய மயக்கமருந்தின்றி அறுவை செய்யும் வழக்கம் இருந்தது. ஆக்ஸ்போர்டில் ஆய்ந்த கன்வல்ஜீத் ஆனந்தும் அவர்தம் குழுவினரும் 1987இல் வெளியிட்ட முடிவுகள் அவ்வழக்கத்தை அசைத்தன.

குழந்தைகளுக்குக் கிட்டிய நீதி முதியோரை அடைய மேலும் காலம் சென்றது. மாரிசன், ஸியூ என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர், இடுப்பெலும்பு முறிந்த முதியோரை ஆராய்ந்து 2000இல் முடிவை வெளியிட்டனர். அறிவுத் தெளிவுடையோர் பெற்ற மார்பின் வகை மருந்தில் மூன்றிலொரு பங்கே மறதிநோய் முற்றியோருக்குக் கிடைத்திருந்தது. முறிவு ஒன்றே, கேட்கத் தெரிந்தவருக்கு மருந்து மிகுதி.

இக்குறையைத் தீர்க்க 2003இல் வார்டன், ஹர்லி, வோலிசர் ஆகியோர் ஓர் அளவுகோல் வகுத்தனர். மூச்சு, முனகல், முகக்குறி, உடலசைவு, தேற்றினால் அமைதியுறும் தன்மை ஆகிய ஐந்தையும் நோக்கி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் இடுவது அது.

2011இல் நார்வேயின் பெட்டினா ஹூஸெபோ குழுவினர் 18 முதியோர் இல்லங்களில் 352 பேரை ஆராய்ந்து கண்டதை வெளியிட்டனர். 8 வாரம் படிப்படியாக வலிமருந்து பெற்றவர்களிடம் கிளர்ச்சி 17 விழுக்காடு குறைந்தது. அவர்களுட் பெரும்பாலோர் பெற்றது வெறும் பாரசிட்டமாலே!

ஆயினும் மருந்தை மிகுத்தலும் தீதே. அந்நாட்டிலேயே 2018இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், தோலில் ஒட்டும் புப்ரெனார்பின் பெற்ற 44 பேரில் 23 பேர், உறக்கமயக்கம் முதலிய தொல்லைகளால் அதனை இடையிலேயே நிறுத்த நேர்ந்தது. ஆதலின் குறிகளை நோக்குவதும், மருத்துவர் சொற்படி எளிய மருந்தினின்று தொடங்குவதும், பயனைக் கண்டு தொடர்வதுமே முறையாகும்.

வலியை ஆராயும் பன்னாட்டுச் சங்கம் 2020இல் திருத்திய தன் விளக்கத்தில், சொல்ல இயலாமையால் வலி இல்லையென்று ஆகாது எனத் தெளிவுறுத்தியது. அதனைப் படித்தபோது என் அன்னையின் கூச்சல் மீண்டும் என் செவியில் ஒலித்தது.

உங்கள் இல்லத்து முதியவர் காரணமின்றிச் சினந்தால், குணம் கெட்டது என்று கூறுமுன் வலி எங்கே என்று தேடுங்கள்.