கேள்விப்பட்டு வந்தவர்கள்

கப்பர்நாகும் பெருநகரன்று. கலிலேயக் கடலின் வடமேற்குக் கரையில், கருங்கற்களால் கட்டிய சிறு வீடுகள் நெருங்கி நின்ற மீனவர் ஊர் அது. ஆயினும் அங்கே சுங்கச்சாவடி இருந்தது. வணிகர் வந்துபோகும் வழியும் இருந்தது. எழுத்தறிந்தோர் சிலராயிருந்த அக்காலத்தில் செய்தி மனிதரின் கால்களைக் கொண்டே நடந்தது. சரக்குப் பொதிகளோடு ஓர் ஆசிரியரின் பெயரும் ஊர்விட்டு ஊர் சென்றது.

அப்பெயர் பரவிய விதத்தை மாற்கு படிப்படியாகக் காட்டுகிறார். தொழுகைக்கூடத்தில் தீய ஆவி பிடித்தவர் நலம்பெற, செய்தி கலிலேயா எங்கும் பரவுகிறது. கதிரவன் மறைந்து ஓய்வுநாள் முடிந்ததும் ஊரே சீமோன் வீட்டு வாயிலில் திரள்கிறது. சில நாள் கழித்து, வாயிலருகிலும் இடமின்றி, முடக்குவாதமுற்றவரைக் கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். மூன்றாம் அதிகாரத்திலோ வடக்கே தீர், சீதோன் பகுதியினரும், தெற்கே 100 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள இதுமேயா நாட்டினரும் வந்து சேர்கின்றனர். கூட்டம் தம்மை நெருக்கிவிடாதபடி படகு ஒன்றை ஆயத்தமாக வைக்குமாறு இயேசு சொல்ல வேண்டியதாயிற்று.

இத்தகைய புகழ் எத்துணை ஆபத்தானது என்பதற்குத் திருமுழுக்கு யோவானின் முடிவே சான்று. யோவானிடம் மக்கள் திரண்டதைக் கண்டு, அது கலகத்தில் முடியுமோ என ஏரோது அந்திப்பா அஞ்சியதாகவும், அதனாலேயே அவரை மக்கேருஸ் கோட்டையில் கொல்வித்ததாகவும் முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபுஸ் எழுதுகிறார். இயேசுவின் பெயரும் அதே ஏரோதின் செவிக்கு எட்டியது என்கிறார் மாற்கு. மக்களை ஈர்த்த அதே பெயர் அரண்மனையையும் விழிக்கச் செய்தது.

இயேசு அப்புகழைத் தேடவில்லை. அதிலிருந்து விலகியே சென்றார். விடியுமுன் தனிமையில் இறைவேண்டல் செய்துகொண்டிருந்தவரைச் சீமோன் கண்டு, எல்லாரும் தேடுவதாகச் சொன்னபோது, அவர் அடுத்த ஊர்களுக்குப் புறப்பட்டார். நலம்பெற்ற தொழுநோயாளரிடம் யாருக்கும் சொல்லவேண்டாம் என்றார். அம்மனிதரோ எங்கும் பறைசாற்றினார். விளைவு என்ன? ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டிருந்தவர் மக்களிடையே நடமாடினார். அவரைத் தொட்டு நலமாக்கியவர் ஊருக்குள் வெளிப்படையாய் நுழைய முடியாமல் தனிமையான இடங்களில் தங்கினார். இருவரும் இடம் மாறிக்கொண்டனர்! சிலுவையின் நிழல் அப்பொழுதே விழத் தொடங்கிவிட்டது.

அப்படியானால் கேள்விப்பட்டு வருதல் வீணோ? அன்று. பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் துன்புற்ற பெண்ணும் இயேசுவைப்பற்றிக் கேள்விப்பட்டே வந்தார். அன்று பலர் அவரை நெருக்கிக்கொண்டு நடந்தனர். ஆயினும் தம்மைத் தொட்டது யாரென்று அவர் கேட்டது அந்த ஒருவரைக் குறித்தே. திரளின் நடுவே நின்று அவர் ஒரு முகத்தைத் தேடினார். சீடருக்கு அது வியப்பாயிருந்தது. புகழ் நம்மை வாயில்வரை கொண்டுவந்து விடும். அதற்குமேல் ஒவ்வொருவரும் தாமே கைநீட்ட வேண்டும்.

வாயிலிலும் கரையிலும் திரண்டவர்கள் எத்தனை பேர் என்று மாற்கு எண்ணிச் சொல்லவில்லை. ஆனால் அவர் இறந்த வேளையில் தொலைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெண்களுள் மூவரைக் குறிப்பிட்டுச் சொல்கிறார். கலிலேயாவில் பின்தொடர்ந்து பணிவிடை செய்தவர்கள் அவர்கள். கூட்டம் கலைந்த பின்னும் நின்றவர்கள்.

அந்த வாயிலில் நாமும் கேள்விப்பட்டே வந்து நிற்கிறோம். கூட்டம் கலைந்தபின் எங்கே நிற்போம்?