ஹெசரகட்டாவிலிருந்து மத்திகிரிக்கு: கோழியியல் பட்டப்படிப்பு வந்த வழி

இந்தியக் கோழிப்பண்ணைத் துறையின் வரலாற்றைப் பெரும்பாலோர் 1971இல் தொடங்குகிறார்கள். பி.வி. ராவ் வெங்கடேஸ்வரா ஹேட்சரிஸைத் தொடங்கினார், நாமக்கல்லில் பண்ணைகள் பெருகின, 1982இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு வந்தது. தொழில் ஆள் கேட்டது, படிப்பு பின்னாலேயே வந்தது என்பது அவர்கள் வாசிப்பு. தொழிலின் கதைக்கு இது பொருந்தும்; படிப்பின் கதைக்குப் பொருந்தாது. தொழில் கேட்டுத்தான் படிப்பு வந்ததென்றால், 1985இல் நாமக்கல்லில் அமைந்தது கோழியியல் கல்லூரியாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? அமைந்ததோ கால்நடை மருத்துவக் கல்லூரி.

படிப்பின் கதைக்குப் பெங்களூர் போக வேண்டும். அங்கே பீன்யாவைத் தாண்டித் தும்கூர் சாலையில் எட்டாவது மைலில் திரும்பினால் ஹெசரகட்டா போகலாம். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (1956–61) மத்திய அரசு நிறுவிய வட்டாரக் கோழிப்பண்ணைகளுள் ஒன்று அங்கே உருவானது. பிற்காலத்தில் மத்திய அரசின் கோழிப்பண்ணை அமைப்புகள் ஒன்றிணைக்கப்பட்டு, சண்டிகர், புவனேஸ்வர், மும்பை, ஹெசரகட்டா ஆகிய நான்கு இடங்களில் மத்தியக் கோழி வளர்ச்சி நிறுவனங்களாயின. இவற்றுள் ஹெசரகட்டா நிறுவனத்தின் பெயரில் மட்டுமே ‘பயிற்சி நிலையம்’ என்ற வால் ஒட்டியிருக்கிறது. இணைப்பில் எத்தனையோ பெயர்கள் மறைந்தபோதும் இது தப்பியது தற்செயலல்ல என்றே கருதுகிறேன். கற்பிப்பது அந்த இடத்தின் முதன்மைப் பணிகளுள் ஒன்றாக இருந்ததற்கு அதுவே சான்று.

இன்னும் பின்னோக்கிப் போகலாம். 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.யின் ஸ்பென்சர் ஹேட்ச் வெள்ளை லெக்ஹார்ன் வளர்ப்பையும் முட்டைக் கூட்டுறவு விற்பனையையும் கிராமத்தாருக்குக் கற்றுத்தந்தார். அதற்கும் ஹெசரகட்டாவுக்கும் நேரடித் தொடர்பு இருந்ததாக நான் வாதிடவில்லை. ஆனால் இரண்டு இடத்திலும் பெருந்தொழிலுக்கு முன்பே குறுகிய காலப் பயிற்சி வந்துவிட்டது. இதை 1971 வாசிப்பால் விளக்க முடியாது.

ஆகக் கோழிக் கல்வியின் வரிசையே தலைகீழானது. முதலில் பயிற்சி, பிறகு கால்நடை மருத்துவம் முடித்தவர்களுக்கான முதுநிலைப் பட்டம், கடைசியில்தான் இளநிலை. கோழியை மட்டும் படிக்க விரும்பிய பிள்ளையும் மாடு, குதிரை, நாய் எல்லாம் படித்துக் கால்நடை மருத்துவப் படிப்பு முழுவதையும் கடக்க வேண்டியிருந்தது. விடுதிச் செலவைச் சுமக்கும் குடும்பத்துக்கு அது சின்னச் சுமையல்ல. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ஓசூர் மத்திகிரியில் நடத்தும் நான்காண்டு பி.டெக். கோழியியல் தொழில்நுட்பம்தான் இந்த இடைவெளியை நிரப்பியது. பிளஸ் டூ மதிப்பெண்ணே அதன் சேர்க்கைக்கு அடிப்படை. அதைப் படித்தவர் கால்நடை மருத்துவராகப் பதிவு செய்துகொள்ள முடியாது. ஆனால் குஞ்சுப் பொரிப்பகம், தீவன ஆலை, பண்ணை மேலாண்மை ஆகிய வேலைகளுக்கு அந்தப் பதிவு தேவையுமில்லை.

இளநிலை ஏன் இவ்வளவு பிந்தியது? 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் பாதையை இறுக்கியது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் மங்களூரில் மீன்வளத்துக்கென்று தனிக் கல்லூரி 1969இலேயே, அந்தச் சட்டத்துக்கு 15 ஆண்டுகள் முன்பே, வந்துவிட்டது. மீனுக்கு அன்றே கிடைத்த தனி இடம் கோழிக்குக் கிடைக்காததற்குச் சட்டத்தை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. பல்கலைக்கழகங்களுக்குள் கோழியைக் கால்நடை மருத்துவத்தின் ஒரு கிளையாகவே வைத்துக்கொள்ளும் பழக்கம் அந்தச் சட்டத்துக்கும் முந்தியது என்பதே என் கணிப்பு; தேதியிட்டு நிறுவும் அளவுக்கு அது இன்னும் உறுதிப்படவில்லை.

பீன்யாப் பட்டறைகளில் வேலை செய்யும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது வெறும் வரலாறல்ல. ஓசூர் பக்கம்தான் என்றாலும் மாநில எல்லைக்கு அப்பால் இருக்கிறது. கர்நாடகத்தில் பிளஸ் டூ முடித்த பிள்ளை அங்கே சேரத் தமிழ்நாட்டுப் பூர்வீகச் சான்றிதழைக் காட்டியாக வேண்டும். அது இல்லாதவர்களுக்கு அருகில் இருப்பது ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரி, மறுபடியும் அதே கால்நடை மருத்துவப் படிப்பு, இன்று ஐந்தரை ஆண்டு.