ரெனோன்சான் வீட்டுப் பத்திரம்

புதுச்சேரி மூலக்குளத்தில் மனை வாங்க வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது வில்லங்கத்தைப் பற்றி. நான் முதலில் கேட்பது, விற்கிறவர் ரெனோன்சான் குடும்பமா, அதாவது பழைய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு வந்த குடும்பமா என்று. பத்திரம் எழுதிப் பிழைத்தவனுக்கு அது பழக்கம். அந்த ஒரு சொல்லைப் பொறுத்துத்தான் யார் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பதே முடிவாகும்.

1819 ஜனவரி 6-ஆம் தேதி ஆணையின்படி பிரெஞ்சு சட்டங்கள் புதுச்சேரிக்கு வந்தன. ஆனால் இந்தியர்களுக்கு அவரவர் வழக்கமும் சாத்திரமுமே சட்டம் என்று அதே ஆணை விட்டுவைத்தது. அந்த வழக்கம் எதுவென்று நீதிமன்றத்துக்குச் சொல்ல 1827-இல் ஒரு ஆலோசனைக் குழுவும் ஏற்பட்டது. வேதக்காரர்களான கிறிஸ்தவர்கள்கூடச் சொத்து விஷயத்தில் இந்து வழக்கத்தையே பின்பற்றினார்கள். மகன் இருக்கும் வீட்டில் மகளுக்குச் சீர் உண்டு, பங்கு இல்லை.

இந்த ஏற்பாட்டை உடைக்கப் போராடியவர்களில் முன்னால் நின்றவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை. 1873-இல் ஐரோப்பியர் போலக் காலில் ஷூ போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனதற்காக அவரைத் தடுத்தார்கள். அவர் பாரீஸ் வரைக்கும் வழக்கை எடுத்துப் போய் ஜெயித்தார்.

1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணை கதவைத் திறந்தது. இருபத்தொரு வயதான எந்த இந்தியரும், சாதி மதம் பாராமல், தன் பழைய சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். வந்தபின் திரும்ப முடியாது. குடும்பப் பெயர் ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி வைத்துக்கொண்ட பெயர் லாப்போர்த். கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்களும் பெருமளவில் துறந்தார்கள். மேல்சாதிக்காரர்கள் பலர் எதிர்த்தார்கள். 1884-இல் வாக்காளர் பட்டியலையே ஐரோப்பியர், ரெனோன்சான், மற்ற இந்தியர் என்று மூன்றாகப் பிரிக்க வேண்டியதாயிற்று.

அரசியல் ஒருபுறம் இருக்கட்டும். பத்திரத்தில் என்ன மாறியது? ஆணுக்கும் பெண்ணுக்கும் சமபங்கு. அப்பா நினைத்தபடி எல்லாவற்றையும் ஒரு பிள்ளைக்கு உயில் எழுத முடியாது. ஒரே பிள்ளை என்றால் பாதி, இரண்டு பேர் என்றால் மூன்றில் இரண்டு, அதற்கு மேல் என்றால் நாலில் மூன்று பங்கு பிள்ளைகளுக்கென்று ஒதுக்கியாக வேண்டும். பக்கத்து விழுப்புரத்தில் ஓர் இந்து மகள் அண்ணன் தம்பிகளோடு சேர்ந்து அப்பா சொத்தில் பங்கு கேட்க 1956 வரை காத்திருந்தாள். இங்கே ரெனோன்சான் வீட்டு மகளுக்கு அது எழுபத்தைந்து வருஷம் முன்பே கிடைத்தது.

1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. 1963-இல் இந்து திருமணச் சட்டமும் வாரிசுரிமைச் சட்டமும் இங்கே நீட்டிக்கப்பட்டபோது, ரெனோன்சான்களுக்கு அவை பொருந்தாது என்று அவற்றிலேயே ஓர் உட்பிரிவு சேர்த்தார்கள். அது இன்றும் இருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன். மூலக்குளத்தில், விழுப்புரம் சாலையில் எந்த மனையைப் பார்த்தாலும் வில்லங்கச் சான்றோடு நிற்காதீர்கள். விற்கிறவரின் தாத்தா பாட்டி கல்யாணப் பதிவையும் மேரி (நகராட்சி) ஏட்டில் தேடிப் பாருங்கள். தாத்தா துறந்தவர் என்றால், பிரான்சில் குடியிருக்கும் அத்தை கையெழுத்தும் வேண்டும்.