வகையாற் றேடலும் விதியாற் சோதித்தலும்

சொல்லை அறிந்து பொருளை அறியாதவனுக்கு அகராதி துணையாகும். பொருளை அறிந்து சொல்லை அறியாதவனுக்கு நிகண்டே வேண்டும். கணினி நிரல் எழுதுவோர்க்கும் இத்தகைய இடர்ப்பாடு உண்டு. பிறர் எழுதிவைத்த சார்பொன்றின் தொழில் தெரியும், பெயர் தெரியாது. அதனைக் கண்டெடுப்பது எங்ஙனம்? கண்டெடுத்தபின் நம்புவது எங்ஙனம்? இவ்விரு வினாக்களுக்கும் சார்புவழி நிரலாக்கம் கண்ட விடைகளின் வரலாறு ஆராயத்தக்கது.

நிரலைக் கட்டளைகளின் வரிசையாகக் கொள்ளாது, கணிதச் சார்புகளின் இணைப்பாகக் கொள்வதே அம்முறை. 1930களில் அலொன்சோ சேர்ச் வகுத்த லம்டா நுண்கணிதம் அதற்கு வேராயிற்று. ஒரு சார்பு எவ்வகைப் பொருளைப் பெற்று எவ்வகைப் பொருளைத் தரும் என்பதைக் கணினியே உய்த்துணரும் முறையை எடின்பரோவில் றொபின் மில்னர் 1978 இல் விளக்கினார். 1987 இல் அமெரிக்காவின் போட்லண்ட் நகரிற் கூடிய அறிஞர், இத்துறைக்குப் பொதுமொழி ஒன்று வேண்டுமெனத் துணிந்தனர். அதன் பயனாக 1990 இல் ஹாஸ்கல் மொழியின் முதலறிக்கை வெளிவந்தது.

பிழையைத் தடுக்கும் வேலியாய் அமைந்த இவ்வகை, விரைவிலே தேடலுக்குத் திறவுகோலும் ஆயிற்று. 1989 இல் இலண்டனில் நிகழ்ந்த மாநாட்டில், சுவீடனைச் சேர்ந்த மிக்கேல் றிட்றியும், யோர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கொலின் றன்சிமன், இயன் ரொயின் ஆகியோரும், வகையைக்கொண்டு சார்பைத் தேடலாமெனத் தனித்தனியே காட்டினர். 2004 இல் அதே யோர்க்கில் நீல் மிச்செல் ஆக்கிய ஹூகிள் என்னுங் கருவி இக்கருத்தை ஹாஸ்கல் எழுதுவோர் யாவர்க்கும் உரியதாக்கிற்று.

எனினும், வகை ஒன்றே போதாது. பட்டியலைத் தலைகீழாக்கும் சார்பும், பட்டியலின் முதலுறுப்பை நீக்கும் சார்பும் ஒரே வகையின. இவற்றை வேறுபடுத்தற்கு விதி வேண்டும். கோதன்பேர்க் நகரத்துச் சால்மேர்ஸ் பல்கலைக்கழகத்தில் கூன் கிளாசன், ஜோன் ஹியூஸ் ஆகிய இருவரும் 2000 இல் வெளியிட்ட குயிக்செக், இத்தேவையை நிறைவு செய்தது. இருமுறை தலைகீழாக்கின் பழைய பட்டியலே கிடைக்கும் என எழுதுவோர் விதியுரைப்பர்; கருவியோ வகையை நோக்கி, வழக்கமாக நூறு மாதிரிகளை எழுமானமாக ஆக்கிச் சோதிக்கும். விதி பொய்க்குமாயின், பொய்த்த மாதிரியையே எடுத்துக்காட்டும்.

ஆயின், நூறு மாதிரிகள் நிறுவலாகா. அன்றியும், யாதொன்றுஞ் செய்யாது பட்டியலை உள்ளவாறே தருஞ் சார்பும் மேற்கூறிய விதிக்கு அமையும். ஆதலின், தக்க விதியைத் தேர்ந்துரைத்தல் மனிதனின் கடமையாகவே எஞ்சுகின்றது.

இவ்விரு கருவிகளின் மூலநிரலும் எவரும் கற்கவுந் திருத்தவும் உரிமையுடன் வெளியிடப்பட்டது. ஒரு நிரலை ஆக்கியோன் பெயர்கொண்டு நம்புதல் வேறு. அதன் விதியைத் தாமே சோதித்து நம்புதல் வேறு. பின்னையதை மாணாக்கனுக்கும் எளிதாக்கியமையே இக்கருவிகளின் பெருஞ்சிறப்பெனலாம்.